பட்டுப்புழுவும் பரம ஞானமும்

வயல்வெளிப் பூக்கள் பாடுபட்டு உழைப்பதை யாரும் கண்டதில்லை. ராட்டை பிடித்து நூற்பதையும் கண்டதில்லை. ஆயினும் சாலமோன் மகாராஜாவின் சர்வாலங்காரமும் அவற்றின் அழகுக்கு முன் நில்லாது என்று இயேசுநாதர் தமது மலைப் பிரசங்கத்திலே அருளினார். கவலையை விட்டொழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது. ஆனால் இதே வார்த்தையைக் காஞ்சிபுரத்து நெசவுத் தெருவொன்றில் நின்று சொல்லிப் பாருங்கள். குழித்தறியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் பெரியவர், "பூவுக்கென்ன ஐயா, அதற்குப் பாவு கட்ட வேண்டுமா, கடனடைக்க வேண்டுமா?" என்று சிரித்துவிட்டு மறுபடியும் நாடாவைத் தள்ளத் தொடங்குவார். அவர் சிரிப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இயற்கையைக் கடவுள் எழுதிய ஒரு புஸ்தகமாகக் கொண்டு வாசிப்பது கிறிஸ்தவப் பெரியோரின் நெடுநாளைய வழக்கம். விதை மண்ணில் விழுந்து மறைவதும், அத்திமரம் துளிர்ப்பதும், திராட்சைக்கொடி கவ்வாத்து செய்யப்படுவதும் அவர்களுக்கு வெறும் காட்சிகள் அல்ல. மாறுதலையும், பற்று விடுதலையும் உணர்த்தும் உபதேசங்கள். இவ்விதம் அவர்கள் தேர்ந்தெடுத்த ஜீவராசிகளுள் ஒன்று காஞ்சி மாநகருக்கே சோறு போடும் பட்டுப்புழு என்பது நம் நேயர்களில் பலர் அறியாத விஷயமாயிருக்கலாம். அந்த உபதேசம் எங்கே எழுந்தது, அது மெய்யான புழுவுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், காஞ்சியின் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சிற்றூர் அதனிடம் என்ன கேள்வி கேட்கும் என்பவற்றை இங்கே சற்று விசாரிப்போம்.

4-ஆம் நூற்றாண்டிலே, இன்று துருக்கி தேசத்தில் அடங்கியிருக்கும் செசரியா என்னும் நகரில் பேஸில் என்ற மேற்றிராணியார் இருந்தார். 379-இல் காலமான இவர், ஆறு நாளில் உலகம் சிருஷ்டிக்கப்பட்ட வரலாற்றைக் குறித்துத் தொடர் பிரசங்கங்கள் நிகழ்த்தினார். அவற்றிலொன்றில், மரித்தோர் உயிர்த்தெழுந்து மாறுதல் அடைவார்கள் என்று பவுல் அப்போஸ்தலர் சொன்னதை நம்ப மறுப்பவர்களுக்கு அவர் விடையளிக்கிறார். என்ன சாட்சியைக் காட்டுகிறார் தெரியுமா? இந்தியாவிலுள்ள ஒரு கொம்புப் புழுவை! அது முதலில் ஒரு வடிவெடுத்து, பின்பு வேறொன்றாகி, முடிவிலே அகன்ற மெல்லிய சிறகுகளைப் பெறுகிறதென்று கூறிவிட்டு, சபையிலிருந்த ஸ்திரீகளை நோக்கித் திரும்புகிறார். சீனத்தார் அனுப்பும் நூலை மெல்லிய ஆடைகளுக்காக நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும் போதெல்லாம், இந்தப் பிராணியின் மாறுதலை நினைத்து, உயிர்த்தெழுதலில் உறுதி கொள்ளுங்கள் என்பது அவர் புத்திமதியின் சாரம்.

வீட்டு வேலை செய்யும் பெண்மணியின் விரல்களுக்கிடையே ஓடும் நூலிலேயே வேதாந்தத்தைக் காட்டிய சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும். ஆனால் பேஸில் அந்தப் புழுவைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. அவர் காலத்தில் அந்நாட்டார் பட்டுத் துணியை அறிவார்கள், பட்டுப்புழுவை அறியார்கள். ஏறக்குறைய 552-ஆம் ஆண்டில், ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் காலத்திலேதான், இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் துறவிகள் சிலர் பட்டுப்புழுவின் முட்டைகளைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டு சேர்த்தார்கள். கோலைக் குடைந்து உள்ளே ஒளித்துக் கொண்டுவந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. உலகப் பற்றைத் துறந்தவர்கள், உலகத்தார் மிகவும் ஆசைப்படும் ஆடைக்கு வித்து சுமந்து வந்தது விசித்திரந்தான்!

அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஸ்பெயின் தேசத்து ஆவிலா நகரைச் சேர்ந்த தெரேசா அம்மையார் (1515–1582) இதே புழுவைக் கையிலெடுத்தார். கார்மேல் சபைக் கன்னியர் மடங்களைச் சீர்திருத்தியவர் இவர். 1577-இல், தமது அறுபத்திரண்டாம் வயதிலே, உடல் நலிவுற்றும் எதிர்ப்புகளால் சூழப்பட்டும் இருந்த காலத்தில், ஆன்மாவை ஏழு மாளிகைகள் அடங்கிய ஒரு கோட்டையாக உருவகித்து அவர் ஒரு நூல் எழுதினார். அதில் ஐந்தாம் மாளிகையைப் பற்றிச் சொல்லும் இடத்திலே பட்டுப்புழு வருகிறது. சிறு மிளகைப் போன்ற முட்டை வெயில் சூட்டினால் உயிர் பெறுகிறது. முசுக்கொட்டை இலையைத் தின்று வளர்கிறது. தன் வாயாலேயே நூலிழைத்துக் கூடு கட்டி அதற்குள் அடைபடுகிறது. பருத்து அவலட்சணமாயிருந்த அந்தப் புழு அங்கே மடிய, அழகிய சிறிய வெள்ளைப் பூச்சியொன்று வெளிவருகிறது.

அம்மையார் இதற்குக் கூறும் பொருளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆன்மா தான் வளர்ந்தபின் ஒரு வீடு கட்ட வேண்டும். அந்த வீடு கிறிஸ்துவே. தன்னலத்தையும், தன் இச்சையையும், பூவுலகப் பொருள்களின்மேல் உள்ள பற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவதே அந்த நூற்பு வேலை. வேலை முடிந்ததும் புழு மடியட்டும், தயங்காதீர்கள் என்று தமது கன்னியரை அவர் தூண்டுகிறார். நம்மை அதிகமாகக் கவர்வது அதற்கு மேல் அவர் சொல்லுவதுதான். வெளிவந்த பூச்சிக்கு உடனே பேரின்பம் வாய்த்துவிட்டதாக அவர் எழுதவில்லை. அதற்கு இருப்புக் கொள்ளவில்லை என்கிறார். பழைய இலைக்குத் திரும்ப அதற்கு மனமில்லை. புதிதாக எங்கே அமர்வதென்றும் தெரியவில்லை. ஏழாம் மாளிகைக்கு வந்தபின்னரே, அந்தப் பூச்சியும் மகிழ்ச்சியோடு மாண்டுபோவதாகவும், அதன்பின் கிறிஸ்துவே அதற்கு உயிராவதாகவும் முடிக்கிறார். கணவனை இழந்தவர்களும், மகளைப் புக்ககம் அனுப்பியவர்களும், நெடுங்காலம் பார்த்த உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் இந்த இருப்புக்கொள்ளாமையை நன்றாக அறிவார்கள். விட்ட மறுநாளே நிம்மதி வரும் என்று ஆசை காட்டாத ஆசிரியரை நாம் நம்பலாம்.

இந்த அம்மையாரும் பட்டுப்புழுவைக் கண்டவரல்லர். தாம் பார்த்ததில்லை, கேட்டதுதான். ஏதேனும் கோணலாயிருந்தால் பழி தம்முடையதன்று என்று அந்நூலிலேயே வெளிப்படையாகக் கூறிவிடுகிறார். எனவே அவருக்காக நாமே சற்றுப் பார்த்துவிட்டு வருவோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கங்களிலும் கர்நாடகத்திலும் புழு வளர்க்கும் மனைகள் ஏராளம். முட்டையிலிருந்து சுமார் பத்து நாளில் வெளிவரும் புழு எறும்பினும் சிறிது. ஏறக்குறைய இருபத்தைந்து நாட்கள் அது உண்பதே வேலையாக இருந்து, பிறந்தபோதிருந்த எடையைப் போல் பதினாயிரம் மடங்கு ஆகிறது. இடையிலே நான்கு முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும், தோல் கழலுமுன் ஏறத்தாழ ஒரு நாள் அது இரையெடுப்பதில்லை. தலையைச் சற்று நிமிர்த்தியபடி அசையாமல் நிற்கிறது. அந்த வேளையில் இலை போடக் கூடாது, தொடக் கூடாது, சந்தடி கூடாது என்பது வளர்ப்பவர் அறிந்த விதி. வளர்வதற்கு இடம் போதாமற் போன பழைய தோலைத் தான் விடுவதற்கு ஓர் உபவாசமும் மௌனமும் அதற்கு வேண்டியிருக்கிறது போலும். தெரேசா அம்மையார் இதைக் கேள்விப்பட்டிருந்தால் இன்னும் ஓர் அத்தியாயம் எழுதியிருப்பார்!

ஐந்தாம் பருவத்தின் கடைசியில் புழு இலையை வெறுக்கிறது. தலையை எட்டு வடிவமாக ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாமல் நூலிழைக்கிறது. நல்ல இனத்துக் கூடொன்றிலே 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஒரே இழை, எங்கும் அறுபடாமல் சுற்றப்பட்டிருக்கிறது. கூடு முடிந்தபின் உள்ளே நடப்பதுதான் ஆச்சரியம். அவ்வளவு நூலையும் தந்த பட்டுச் சுரப்பி, தன் வேலை தீர்ந்ததும் தானே சிதைந்து கரைந்துபோகிறது. இலையைக் கடித்த வாயும் இல்லாமற் போகிறது. பழைய உடம்பின் பெரும்பகுதி அழிந்து, அதன் சத்தைக்கொண்டே சிறகும் கொம்பும் புதுக் கண்ணும் உருவாகின்றன. புழு மடிகிறது என்று அம்மையார் எழுதியது முழுவதும் உருவகம் அன்று என்பதைப் பிற்கால விஞ்ஞானம் அவருக்காகச் சாட்சி சொல்லுகிறது. பத்துப் பதினைந்து நாளில் பூச்சி ஒரு திரவத்தைச் சுரந்து, கூட்டின் ஒரு முனையை நனைத்து இளக்கி, இழைகளை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறது.

ஆனால் காஞ்சிபுரத்துக்கு வரும் பட்டிலே இந்தக் கடைசிக் கட்டம் நிகழ்வதில்லை.

பூச்சி துளைத்த கூட்டிலிருந்து நீண்ட இழையைச் சிக்கின்றி உருவ முடியாது. ஆகையால் அது வெளிவருமுன்னரே, கூடுகளை ஆவியிலோ சுடுகாற்றிலோ இட்டு உள்ளிருக்கும் உயிரைப் போக்கிவிடுகிறார்கள். பின்பு வெந்நீரிலிட்டு இழை உருவுகிறார்கள். ஒரு கிலோ பட்டு நூலுக்குச் சுமார் ஐயாயிரம் கூடுகள் வேண்டும். சக்கரவர்த்திகளின் சபையிலும் கல்யாணப் பந்தலிலும் பளபளத்த பட்டு முழுவதும் இவ்வாறு வந்ததுதான். பேஸில் பெருமான் உயிர்த்தெழுதலை நினைக்கச் சொல்லி எந்த நூலைக் காட்டினாரோ, உருவிச் சுற்றிய அந்த நூல் உயிர்த்தெழாத புழுவின் நூல்!

ஆனால் உபதேசம் பொய்யாகிவிட்டதா? இந்தக் கேள்வியோடு, காஞ்சிபுரத்திலிருந்து தென்மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில், வேகவதி நதிக்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கு நேயர்களை அழைத்துச் செல்கிறோம். பட்டுக்குப் பேர்போன நகரத்தின் பக்கத்தூருக்குப் பருத்தியின் பெயர் வாய்த்திருப்பதே ஒரு வேடிக்கை. ஜினகாஞ்சி என்பது இதன் மற்றொரு பெயர். பல்லவன் சிம்மவர்மன் காலத்துப் பள்ளன்கோவில் செப்பேடு பருத்திக்குன்றத்து வஜ்ரநந்தி என்னும் சமண முனிவருக்கு ஊர் தானம் செய்ததைச் சொல்லுகிறது. ஆகவே 6-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே சமணம் செழித்திருந்தது. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விஜயநகர அரசின் மந்திரியும் சேனாபதியுமான இருகப்பன் 1387-இல் கட்டுவித்தான். மண்டபத்தின் விதானத்திலே ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் சரித்திரங்கள் வர்ணச் சித்திரங்களாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. 1934-இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலை வெளியிட்ட டி. என். இராமச்சந்திரனின் ஆராய்ச்சி நூல் இவற்றை உலகறியச் செய்தது.

கோயிலில் ஒரு குராமரமும் உண்டு. அது தன் அளவுக்கு மேல் வளர்வதுமில்லை, குறைவதுமில்லை என்பது நெடுங்கால நம்பிக்கை. மாறுதலே வடிவான புழுவைப் பற்றிப் பேச வந்த நாம், மாறாத மரத்தின் நிழலில் வந்து நிற்கிறோம்! அதன் அருகே மல்லிசேனர், புஷ்பசேனர் முதலிய முனிவர்களின் நினைவாக எழுப்பிய பீடங்கள் இருக்கின்றன. சகலத்தையும் விட்டவர்களுக்கு மரம் ஒன்றே துணையாக நிற்கிறது.

நேமிநாதர் சரித்திரம் நம் விசாரணைக்கு நேராக வருகிறது. இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான இவர் இளவரசராயிருந்தபோது ராஜிமதி என்னும் அரசகுமாரியை மணக்கத் தேரேறிப் புறப்பட்டார். வழியிலே பட்டியில் அடைபட்ட மிருகங்களின் கதறல் கேட்டது. எதற்காக என்று வினவினார். உம்முடைய கல்யாண விருந்துக்காகத்தான் என்றார்கள். தேரை அங்கேயே திருப்பினார். ஆபரணங்களைக் களைந்து கிர்நார் மலைக்குச் சென்று துறவு பூண்டார். ராஜிமதியும் பின்னர் துறவியானாள்.

கல்யாண விருந்துக்கு அடைபட்ட உயிர்களின் கதை இது. கல்யாணச் சேலைக்கு அடைபட்ட உயிர்கள் கதறுவதில்லை. ஆகையால் யாருடைய தேரும் திரும்புவதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் எத்தனையோ மணமகள்கள் சரிகை வைத்த வெண்பட்டு உடுத்தே பீடத்தின்முன் நிற்கிறார்கள். அந்த வெண்மை அம்மையாரின் வெள்ளைப் பூச்சியை நினைவூட்டாமல் இருக்குமா?

புழுவின் பொருட்டுப் பட்டை விடவேண்டும் என்ற குரல் காஞ்சியிலேயே எழுந்திருக்கிறது. காஞ்சி காமகோடி பீடத்து ஆசாரியராயிருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஸ்வாமிகள் (1894–1994), பட்டுடுத்துவதை விட்டுவிடும்படி பலமுறை வற்புறுத்தி வந்தார். பட்டு நகரத்திலிருந்தே பட்டைத் துறக்கச் சொன்ன அந்தத் தைரியம் சாமானியமன்று. 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி வெங்கட்ராமன், உயிரைக் கொல்லாமல் பட்டுச் சேலை கிடைக்குமா என்று ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனத்தாரிடம் வினவியதாகச் சொல்லப்படுகிறது. அங்கே அலுவலராயிருந்த குசும ராஜய்யா இக்கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டார். பூச்சி வெளியேறும் வரையில் பொறுத்திருந்து, துளைபட்ட கூட்டைப் பஞ்சுபோல் நூற்று நெய்யும் முறையை உருவாக்கி, 2006-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அஹிம்சைப் பட்டு என்று அது பெயர் பெற்றது. பளபளப்பு குறைவு, விலை அதிகம், உடுத்துபவர்க்கு மெத்தென்றிருக்கும்.

இத்தோடு கதை மங்களமாக முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் வெளிவந்த பூச்சி பறப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் வளர்த்து வந்த இந்த இனத்துக்குச் சிறகு இருக்கிறது. பறக்கும் வலி போய்விட்டது. சிறகடித்துக்கொண்டு அங்கேயே ஊர்கிறது. உண்ண வாயில்லாததால் ஒரு வாரம் போல உயிரோடிருந்து, துணை சேர்ந்து மடிகிறது. பெண் பூச்சி ஒவ்வொன்றும் நானூறு ஐந்நூறு முட்டையிடும். எல்லாக் கூடுகளையும் திறந்துவிட்டால் பொரிக்கும் அத்தனை குஞ்சுகளுக்கும் இலை தருவது யார்? கொல்லாத பட்டைக் குறித்து எழும் இந்த ஆட்சேபத்தை நாம் தள்ளிவிட முடியாது. அதோடு, காஞ்சிபுரத்திலும் சுற்றூர்களிலும் தறியை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. பட்டை விடு என்று சொல்பவர், அந்த அடுப்புகளுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும்.

ஸ்பெயின் தேசத்து அம்மையார் இருப்புக்கொள்ளாத பூச்சி என்றார். ஆனால் அது பறப்பதாக எண்ணிவிட்டார். பறக்க முடியாமற் செய்தது நாம். இயற்கையிலே பாடம் தேடுபவர்கள் பெரும்பாலும் மனிதன் கை படாத இயற்கையையே நினைக்கிறார்கள். பட்டுப்புழுவோ நம் கைக்குள்ளேயே உருமாறிப்போன இயற்கை. அதனிடம் கற்கப் போனால், அது கூட்டை விட்டதைப் போலவே, நாம் அதை இறுகப் பிடித்திருப்பதும் தெரிகிறது. புழு மடியட்டும் என்று தெரேசா அம்மையார் சொன்னது தம்முள் இருந்த புழுவை. பிறிதொரு புழுவைத் தமக்காக மடியச் சொல்லவில்லை. இந்தப் பேதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் அவர் உபதேசத்துக்கு ஒரு குறைவும் வராதென்பது நமது அபிப்பிராயம். குறைவெல்லாம், உபதேசத்தை அவரிடமும் நூலைப் புழுவிடமும் வாங்கிக்கொண்டு, விடவேண்டிய எதையும் விடாமல் வீடு திரும்பும் நம்முடையதே.

பட்டு நூலும் ஒன்றை விட்டாக வேண்டியிருக்கிறது. கூட்டிலிருந்து உருவிய நூல் விறைப்பாய், மங்கலாயிருக்கும். இழைகளை ஒட்டி நிறுத்திய பசை அதன்மேல் படிந்திருப்பதே காரணம். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரிலிட்டு அந்தப் பசையைக் கழுவுகிறார்கள். நூறு பலம் நூல் போட்டால் எழுபத்தைந்து, எண்பது பலம் தேறும். எடை போனபின்புதான் மினுமினுப்பு வருகிறது, சாயமும் பற்றுகிறது. முன்பு கூட்டைத் தாங்கிய அதே பசை இப்போது பட்டுக்குக் குறுக்கே நிற்கிறது. நேற்று நம்மைக் காத்த வழக்கங்கள் சில இன்று நம்மை மங்கச் செய்வதை வீட்டிலுள்ள பெரியவர்கள் யோசித்துப் பார்க்கலாம்; சிறியவர்கள் சொன்னால் கோபம் வரும்.

கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால் தனித்தேயிருக்கும், மடிந்தால் மிகுந்த பலன் தரும் என்ற கருத்தை யோவான் எழுதிய சுவிசேஷம் இயேசுநாதரின் வாக்காகக் கூறுகிறது. பட்டுத் தொழிலிலும் இதற்கு ஒப்பான காரியம் ஒன்று நடக்கிறது. எல்லாக் கூடுகளையும் ஆவியிலிட்டால் அடுத்த வளர்ப்புக்கு முட்டை ஏது? ஆகையால் நோயற்ற நல்ல கூடுகளைப் பொறுக்கி, வித்துக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றின் பட்டை யாரும் உருவுவதில்லை. குறித்த நாளில் பூச்சிகள் கூட்டை நனைத்துத் துளைத்து வெளிவருகின்றன, தாளின்மேல் முட்டையிடுகின்றன. முட்டையிட்ட தாய்ப் பூச்சியை அரைத்து, நோய்க்கிருமி உண்டா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். இல்லையென்று கண்டால் அந்த முட்டைகள் வளர்ப்போருக்குப் போகின்றன. துளைபட்ட வெற்றுக் கூடுகள் மட்டும் ஒரு மூலையில் குவிந்திருக்கும். கழிவுப் பட்டென்று குறைந்த விலைக்கு அவற்றை எடைபோட்டு வாங்கிப் போகிறார்கள்.